நிஜாமுதீன் கோப்பில் எட்டாவது பத்தி

சில மாதங்களுக்கு முன்பு கடலூரில், புதிதாகப் பணியில் சேர்ந்த நன்னடத்தை அலுவலர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடந்தது. ஓய்வுபெற்றவர் யாராவது வந்து ஒரு மணி நேரம் பேசட்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் போனபோது மேசைமேல் ஒரு படிவம் கிடந்தது. ஒருவர் மதத் தீவிரவாதத்தின் பக்கம் சாய்கிறாரா என்று மதிப்பிடுவதற்கான படிவம். சோதனைக்காகக் கொடுத்திருக்கிறார்கள் என்றார்கள். பெட்டி பெட்டியாகக் கேள்விகள். திடீரென்று தாடி வளர்த்தாரா, சினிமா பார்ப்பதை நிறுத்தினாரா, பழைய நண்பர்களிடமிருந்து விலகினாரா. ஆம், இல்லை என்று குறி போட்டுக் கூட்டினால் அபாயம் குறைவா, நடுத்தரமா, அதிகமா என்று கடைசியில் வந்துவிடும்.

தேநீர் இடைவேளையில் நான் இரண்டு படிவங்களை எடுத்து, எனக்குத் தெரிந்த இரண்டு பேரை மனத்தில் வைத்துக் குறி போட்டுப் பார்த்தேன். ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தம்பி. இருபது வயதைத் தாண்டிய காலத்தில் அவர்கள் எப்படி இருந்தார்கள் என்பது விசாரணையில் நான் தெரிந்துகொண்டது. அண்ணனுக்கு 'குறைவு' என்று வந்தது. தம்பிக்கு 'அதிகம்'. தம்பி சிதம்பரத்தில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். குண்டு இருந்த பையைச் சிதம்பரத்திலிருந்து கடலூருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவர் அண்ணன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளம் பெண் அலுவலர் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப நீங்கல்லாம் ஃபார்ம் இல்லாம காரணத்த எப்படி மேடம் கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டார். அன்று ஒரு மணி நேரத்துக்குள் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

நான் கம்மாபுரத்துக்குப் பக்கத்தில் பிறந்தவள். அப்பா சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. கிறிஸ்தவக் குடும்பம், எங்கள் தெரு ஊரிலிருந்து சற்றுத் தள்ளியிருக்கும். எந்த வகைத் தெரு என்பது படிப்பவர்களுக்கே தெரியும். வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். சமூகப்பணி படித்தேன், தேர்வு எழுதினேன், பயிற்சியில் சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்தேன். கடலூர் முதுநகரில் வாடகைக்கு வீடு தேடியபோது நான்கு வீடுகளில், "நீங்க எந்த ஆளுங்க?" என்று கேட்டுவிட்டு, "மகன் வரப்போறான், வீடு காலி இல்ல" என்றார்கள். ஐந்தாவது வீட்டில் கேட்கவில்லை, கொடுத்தார்கள். பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை.

நன்னடத்தை அலுவலரின் வேலை வெளியே அதிகம் தெரியாது. குற்றம் செய்தவரின் வீட்டுக்குப் போய், அவர் எப்படிப்பட்ட சூழ்நிலையில் வளர்ந்தார், ஏன் செய்தார், வெளியே விட்டால் எப்படி இருப்பார் என்று விசாரித்து எழுதுவது. ஆயுள் தண்டனைக் கைதியை முன்கூட்டியே விடுதலை செய்யலாமா என்று பார்க்கும்போது போலீஸ் ஒரு அறிக்கை தரும், நாங்கள் ஒரு அறிக்கை தருவோம். இரண்டும், அதைப் பரிசீலிக்கும் குழுவான அறிவுரைக் கழகத்துக்குப் போகும். எங்கள் அறிக்கையில் எட்டாவது பத்தியின் தலைப்பு 'குற்றத்துக்கான காரணம்'.

அந்தப் பத்தியை எழுதக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் மண்டல அலுவலர் சண்முகசுந்தரம் சார். ஒல்லியான மனிதர். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, பாராட்டியும் பார்த்ததில்லை. நாம் எழுதிக் கொடுத்த அறிக்கையை நம் முன்னாலேயே வாய்விட்டுப் படிப்பார், ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுகிற குரலில். நாமே எழுதியது அந்தக் குரலில் கேட்கும்போது கூச்சமாக இருக்கும். ஏதாவது சொல் உறுத்தினால் படிப்பதை நிறுத்திவிட்டு நம்மைப் பார்ப்பார்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் நெல்லிக்குப்பத்தில் ஒரு கரும்பு வண்டிக்காரரைப் பற்றி எழுதினேன். பக்கத்து வீட்டுக்காரரை அடித்த வழக்கு. 'இவர் குடிகாரர்' என்று எழுதியிருந்தேன். சார் நிறுத்தினார்.

"குடிச்சத நீங்க பாத்தீங்களா?"

"இல்ல சார். தெருவுல சொன்னாங்க."

"எத்தன பேரு?"

"ரெண்டு பேரு."

"ரெண்டு பேர்ல ஒருத்தர் அடி வாங்கினவரோட மச்சான். அவர் பேர நீங்களே மூணாவது பக்கத்துல எழுதியிருக்கீங்க."

அன்றைக்கு ஒரு வழக்கம் சொன்னார். நோட்டில் ஒவ்வொரு பக்கத்தையும் மூன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். பார்த்தது, கேட்டது, நினைத்தது. முதல் இரண்டிலிருந்துதான் அறிக்கை எழுத வேண்டும். மூன்றாவதை எதற்கு எழுத வேண்டும் என்று கேட்டேன். "எழுதலன்னா அது மத்த ரெண்டுலயும் போய் ஒளிஞ்சிக்கும்" என்றார்.

நிஜாமுதீனின் கோப்பு என்னிடம் வந்தபோது எனக்கு ஏறக்குறைய இருபது வருட அனுபவம் இருந்தது. நீதிமன்றம் அவருடைய முன்விடுதலை மனுவைப் பரிசீலிக்கச் சொல்லியிருந்தது. வழக்கு இதுதான். கடலூரில் ஒரு அமைப்பின் அலுவலக வாசலில் குண்டு வெடித்தது. குறிவைக்கப்பட்ட நிர்வாகி அன்று வரவே இல்லை. தண்ணீர் கேன் இறக்க வந்த கலியபெருமாள் என்பவர் இறந்துபோனார். அவர் எந்த அமைப்பையும் சேர்ந்தவரில்லை. திட்டம் போட்டவர், 'உஸ்தாத்', அதாவது ஆசிரியர், என்று இளைஞர்கள் கூப்பிட்ட ஒரு வெளியூர்க்காரர். அவர் பிடிபடவில்லை. குண்டை வைத்த ஆள் விசாரணைக் காலத்திலேயே நோயில் இறந்துவிட்டார். பையைக் கொண்டுபோய்க் கொடுத்த நிஜாமுதீனுக்கு ஆயுள் தண்டனை. பையில் புத்தகங்கள் இருப்பதாக நினைத்தேன் என்று அவர் கோர்ட்டில் சொன்னார். கோர்ட் நம்பவில்லை. கைதாகும்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. கோப்பு என்னிடம் வந்தபோது நாற்பதைத் தொட்டிருந்தார்.

போலீஸ் அறிக்கை ஒரே வரி. வெளியே விட்டால் பொது அமைதிக்குக் குந்தகம்.

முதலில் சிதம்பரத்துக்குப் போனேன். அப்பாவும் அம்மாவும் இறந்துவிட்டார்கள். வீட்டில் அக்கா ஷம்ஷாத் மட்டும் இருந்தார். தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்து நாற்காலி போட்டார். ஐம்பதை நெருங்கும் வயது, திருமணம் ஆகவில்லை. நான் கேட்பதற்கு முன்பே பேச ஆரம்பித்தார்.

"எங்க அத்தா ஸ்கூல் யூனிஃபார்ம் தெச்சுக்கிட்டிருந்தார் மேடம். வருஷா வருஷம் ரெண்டு ஸ்கூலு எங்களுக்குத்தான் குடுக்கும். வடக்க பள்ளிவாசல இடிச்சாங்க பாருங்க, அதுக்கப்புறம் இங்க ஒரு நோட்டீஸ் வந்துச்சு. அவுங்க கடைக்குப் போவாதீங்கன்னு. யாரும் சண்டைக்கு வரல. வந்துக்கிட்டிருந்தவுங்க வர்றத நிறுத்திட்டாங்க, அவ்வளவுதான். அத்தா காலைல கடையத் தொறந்து சாயங்காலம் வரைக்கும் சும்மா ஒக்காந்திருப்பார்."

சில வருடங்கள் கழித்து வேறொரு நகரத்தில் குண்டு வெடித்தபோது, வெளியூரிலிருந்து வந்த போலீஸ் படை இந்தத் தெருவின் இளைஞர்களை எல்லாம் அழைத்துக்கொண்டு போய் ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் வைத்திருந்தது. கையில் பெயர் எழுதிய சிலேட்டைக் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். பிறகு எதுவும் சொல்லாமல் அனுப்பிவிட்டார்கள். நிஜாமுதீன் அப்போது எலெக்ட்ரிகல் டிப்ளமோ முடித்து, ஒரு தொழிற்சாலையில் வேலை உத்தரவு வாங்கி வைத்திருந்தார். போலீஸ் சரிபார்ப்புக்குப் பிறகு அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

நான் வேகமாக எழுதிக்கொண்டிருந்தேன். மூன்றாவது கட்டத்தில் நிறைய எழுதினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். "மகன் வரப்போறான்" என்று சொன்ன நான்கு வீடுகளும் எனக்கு நினைவில் இருந்தன. ஷம்ஷாத் நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் போட்டு, பாவம், அதனாலதான் செஞ்சிட்டான்னு எழுதப் போறீங்களா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"இந்தத் தெருவுல அம்பது பேர அள்ளிக்கிட்டுப் போனாங்க. அம்பது பேருமா பையத் தூக்கினாங்க? அவன் செஞ்சான், ஜெயில்ல இருக்கான். வெளிய இருந்து அனுபவிச்சது நான். என்னப் பொண்ணு கேக்க வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அவன் பேரக் கேட்டதும் எழுந்து போனாங்க. அத எங்க எழுதுவீங்க?"

அதற்கு எங்கள் படிவத்தில் இடமில்லை. கடைசியில் அவர் சொன்னது: "அவன் வந்தா இந்த வீட்டுல எடமில்ல. தம்பி வேணும்னா வெச்சுக்கட்டும்."

தம்பி யூசுப்பின் கடை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில். கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு போனைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். அண்ணனைவிட ஒரு வயது இளையவர். அதே வீடு, அதே மண்டபம், அதே மூன்று நாள். உஸ்தாத் ஒரு மாடி அறையில் நடத்திய வகுப்புக்கு முதலில் போனவரே யூசுப்தான். அண்ணனை அவர்தான் கூட்டிக்கொண்டு போனார். தாடி வைத்தார், சினிமாவை விட்டார், நண்பர்களை விட்டார். அண்ணன் முகத்தை மழித்துக்கொண்டு சாதாரணமாகவே இருந்தார்.

"அப்புறம் ஏன் நின்னுட்டீங்க?" என்று கேட்டேன்.

"பெரிசா ஒண்ணும் இல்ல மேடம். எனக்கு அரபி ஏறல. அதோட, நான் ஒரு ரேடியோ கடைல வேல செஞ்சிக்கிட்டிருந்தேன். முதலாளி செட்டியாரு. மண்டபத்துலருந்து வந்த மறுநாள், வேலைய விட்டு நிறுத்திடுவாருன்னு நெனச்சுக்கிட்டுதான் போனேன். அவரு ஒண்ணுமே கேக்கல. சாவியக் கையில குடுத்து, 'கடையத் தொற, நான் சாப்ட்டு வரேன்'னார். வேல ஜாஸ்தியாச்சு. கிளாஸுக்குப் போவ முடியல."

"அதான் காரணமா?"

"தெரியல மேடம். அக்காவக் கேட்டா நான் பயந்தாங்கொள்ளின்னு சொல்லும். அதுவும் நெசம்தான்."

அடுத்த வாரம் சிறைக்குப் போனேன். நுழைவாயிலில் பதிவேட்டில் கையெழுத்து, கைப்பையையும் போனையும் வைத்துவிட்டு நோட்டும் பேனாவும் மட்டும். ஒரு மேசை, இரண்டு ஸ்டூல். வார்டர் பார்வைக்குள் இருப்பார், பேச்சு அவர் காதில் விழக்கூடாது. நிஜாமுதீன் சுத்தமாக மடித்த வெள்ளை உடையில் வந்தார். உள்ளே மோட்டார் ரீவைண்டிங் பிரிவில் வேலை. நடத்தைச் சான்றில் ஒரு குறையும் இல்லை. நான் கேட்டதற்கெல்லாம் சீராகப் பதில் சொன்னார். இளம் வயது, வேலை போன வருத்தம், தவறான ஆளின் பேச்சு, பையில் புத்தகம் என்று நம்பிவிட்டேன், வருந்துகிறேன். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பல வருடங்களாக மனுவில் எழுதி எழுதிப் பழகிய பதில். அதில் பொய் எங்கே என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பிறகு, இறந்தவர் குடும்பத்தின் கருத்தைக் கேட்க வேண்டும். கலியபெருமாளின் மனைவி அஞ்சலை நெல்லிக்குப்பத்தில் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர். பாத்திரம் கழுவிவிட்டு ஈரக் கையோடு வந்து படியில் உட்கார்ந்தார். படிவத்தில் உள்ளபடி, நிஜாமுதீனை விடுதலை செய்வதில் ஆட்சேபணை உண்டா என்று கேட்டேன்.

"என்கிட்ட வந்து இன்னான்னு கேக்கறதுக்கு இத்தினி வருஷம் ஆச்சா?" என்றார்.

நான் நோட்டைத் திறந்துகொண்டேன்.

"எங்க வீட்டுக்காரரு எந்தக் கட்சிலயும் இல்லம்மா. செத்த மறுநாளே எங்க ஆளுன்னு போஸ்டர் அடிச்சிட்டாங்க. வருஷா வருஷம் அவரு படத்த வெச்சிக்கினு ஊர்வலம் போறாங்க. அதுல இன்னொரு சண்ட வருது. நான் போறதில்ல. அந்தப் பக்கத்துலயும் ஆளுங்க வந்தாங்க, நாங்கல்லாம் அப்படிப்பட்டவுங்க இல்லன்னு சொன்னாங்க. சரின்னேன். எனக்கு வேண்டியத யாரும் சொல்லல."

"என்ன வேணும்?"

"அவனுக்குத் தெரியுமா, தெரியாதா? பையில அதுதான் இருக்குதுன்னு தெரிஞ்சு எடுத்தாந்தானா? கோர்ட்ல ஒருத்தன் தெரியும்னான், இன்னொருத்தன் தெரியாதுன்னான். அத மட்டும் கேட்டுச் சொல்லு. அப்புறம் விடறதா வேணாமான்னு நான் சொல்றேன்."

அன்று அவருடைய கருத்தை எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டுவிட்டு வந்தேன்.

அதனால் மறுபடியும் சிறைக்குப் போனேன். இந்த முறை ஏன் என்று கேட்கவில்லை. அன்றைக்குக் காலையில் எழுந்ததிலிருந்து சொல்லுங்கள் என்றேன். அவருக்கு எரிச்சல் வந்தது தெரிந்தது. ஆனாலும் சொன்னார். தொழுதுவிட்டுச் சாப்பிட்டது, உஸ்தாத்தின் அறையில் பையை வாங்கியது, சிதம்பரத்தில் கடலூர் பேருந்தில் ஏறியது.

"உக்கார எடம் கெடச்சுதா?"

"கெடச்சுது. ஜன்னலோரம்."

"பைய எங்க வெச்சிருந்தீங்க?"

"மடியில."

"அப்புறம்?"

"முட்லூர்ல ஒரு அம்மா ஏறிச்சு, இடுப்புல கொழந்த. எடமில்ல. பைய கீழ வெச்சிட்டு என் கொழந்தையக் கொஞ்சம் ஒக்கார வெச்சுக்கிறீங்களான்னு கேட்டுச்சு." நிறுத்தினார். "நான் எழுந்து எடத்தக் குடுத்துட்டேன்."

"கடலூர் வரைக்கும் நின்னுக்கிட்டா வந்தீங்க?"

"ஆமா."

"பைய அப்பவும் கீழ வெக்கலியா?"

வார்டர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி வெளியே பார்த்தார்.

"பஸ்ஸு குலுங்கிச்சு மேடம். கீழ வெக்க பயமா இருந்துச்சு," என்றார் நிஜாமுதீன். பிறகு, "தெரியும். உள்ள என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

அதற்குப் பிறகுதான் அவர் உண்மையில் பேசினார். அத்தாவின் காலிக் கடையைப் பற்றி, மண்டபத்தைப் பற்றி. "எலெக்‌ஷன் வந்தா ரெண்டு கட்சிக்காரங்களும் தொப்பியப் போட்டுக்கிட்டு நோன்புக் கஞ்சி குடிக்க வருவாங்க. எங்கள அடைச்சு வெச்சிருக்காங்க, வந்து கேளுங்கன்னா ஒருத்தரும் வரல. ஜமாத்துல பெரியவுங்க, சும்மா இரு, பேர் கெட்டுப்போவும்னாங்க. எனக்கு என்ன நடந்துச்சுன்னு ஒக்கார வெச்சுக் கேட்டது உஸ்தாத் ஒருத்தர்தான். டிவில வெளிநாட்டுச் சண்டையக் காட்டுவாரு, எங்க அத்தா கடையச் சொல்லுவாரு, எனக்குப் போன வேலையச் சொல்லுவாரு. தனித்தனியா கெடந்தத எல்லாம் ஒண்ணா சேத்து ஒரே கதையாக்கிக் குடுத்தாரு. கேட்டா நல்லா இருந்துச்சு மேடம். நான் ஒண்ணுத்துக்கும் ஆவாதவன் இல்ல, அந்தக் கதைல எனக்கும் ஒரு வேல இருக்குதுன்னு தோணிச்சு."

எழுதி முடித்ததும், "இத ரிப்போர்ட்ல போடுவீங்களா?" என்று கேட்டார்.

"போடணும்."

"போட்டா விடமாட்டாங்க."

"விடாம இருக்கலாம்."

அவர் தலையை ஆட்டினார். சம்மதமா, வெறுமனே கேட்டுக்கொண்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

அறிக்கையை எழுதிக்கொண்டு சண்முகசுந்தரம் சாரிடம் போனேன். எட்டாவது பத்தி மட்டும் இரண்டு பக்கம் வந்திருந்தது. அவர் வழக்கம்போல் படித்தார். கடை, மண்டபம், வேலை, வகுப்பு. முடித்துவிட்டு, பென்சிலால் ஏழு இடங்களில் வட்டம் போட்டார். எல்லாம் ஒரே சொல். 'அதனால்'.

"இது நடந்துச்சு, அப்புறம் அது நடந்துச்சு. இது உங்களுக்குத் தெரியும். இதனால அது நடந்துச்சுன்னு தெரியுமா?"

"அவரே சொல்றார் சார்."

"தம்பிக்கும் இதெல்லாம் இருந்துச்சே. அவர் பேர நீங்களே அஞ்சாவது பக்கத்துல எழுதியிருக்கீங்க."

"அப்படின்னா காரணமே கெடையாதா சார்? அவுங்களா பொறந்தாங்க, அவுங்களா குண்டு வெச்சாங்கன்னு எழுதறதா?" என் குரல் சற்று உயர்ந்துவிட்டது.

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "காரணம் இருக்கும்மா. அத எடுத்துடுன்னு நான் சொல்லல. அந்த மண்டபத்த எழுதுங்க. எத்தன நாள், எத்தன பேரு, எந்தக் கேஸுமே போடலங்கறத எழுதுங்க. நோட்டீஸ எழுதுங்க. கஞ்சி குடிக்க வந்தவுங்க அப்புறம் வரலங்கறத எழுதுங்க. போலீஸ் ரிப்போர்ட்ல இதெல்லாம் வராது. நாமளும் எழுதலன்னா காகிதத்துலயே இருக்காது. ஆனா பையத் தூக்கினது அவர். 'அதனால்'னு நீங்க போட்டா அந்தக் கை அவருதில்லன்னு ஆயிடும். அவர விடச் சொல்றதுக்கே அது எடைஞ்சல். தன் கைன்னு ஒத்துக்கறவனத்தான் வெளிய விடலாம்."

ஏழு இடத்திலும் 'பிறகு' என்று திருத்தினேன். 'தெரியும்' என்று அவர் சொன்னதையும், பேருந்தில் நடந்ததையும் அப்படியே எழுதினேன். விடுதலைக்குப் பரிந்துரை செய்தேன். சார் கையெழுத்துப் போட்டார். மண்டபத்தைப் பற்றிய வரிகளுக்காக மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு அவருக்கு ஒரு கடிதம் வந்தது. அதை அவர் எனக்குச் சொல்லவில்லை. வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது.

அஞ்சலையின் கேள்வி மிச்சமிருந்தது. அறிக்கை ரகசியம், அதில் உள்ளதை வெளியே சொல்லக்கூடாது. சாரிடம் கேட்டபோது, "நீங்க சொல்லக்கூடாது. அவர் எழுதினா அது அவர் கடுதாசி" என்றார். நான் நிஜாமுதீனிடம் போய், அஞ்சலை என்ன கேட்டார் என்பதை மட்டும் சொன்னேன். எழுதினால் அதை அதிகாரிகள் படிப்பார்கள், மனுவுக்கு எதிராகவும் போகலாம் என்றும் சொன்னேன். பத்து நாள் எடுத்துக்கொண்டார். கடிதம் சிறைக் கண்காணிப்பாளர் வழியாக முறைப்படி போனது. பிறகு அஞ்சலையே என்னிடம் அதைக் காட்டினார். அரைப் பக்கம். பையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும், கோர்ட்டில் சொன்னது பொய் என்று இருந்தது. பேருந்தில் எழுந்து நின்றதை எழுதியிருந்தார். மன்னிக்கும்படி கேட்டு இதை எழுதவில்லை என்று முடித்திருந்தார். விடலாமா, வேண்டாமா என்று அஞ்சலை அப்போதும் சொல்லவில்லை.

அறிவுரைக் கழகம் மனுவை நிராகரித்தது. கைதியே முன்கூட்டித் தெரியும் என்று ஒப்புக்கொண்டிருப்பதையும் ஒரு காரணமாகக் குறிப்பிட்டிருந்தார்கள். உத்தரவு வந்த வாரம் யூசுப் போன் செய்தார். திட்டவில்லை. "நல்லா எழுதினீங்க மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பல நாள் அந்தக் குரல் காதிலேயே இருந்தது. வேறு மாதிரி எழுதியிருக்க முடியுமா என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன். முடியும். அரை மணி நேரத்தில் கிடைத்த முதல் பதிலையே எழுதியிருக்கலாம்.

நான்கு வருடங்கள் கழித்துக் கோப்பு மறுபடியும் வந்தது. சார் ஓய்வுபெற்றுப் போயிருந்தார். எனக்கும் ஒரு வருடம்தான் பாக்கி. மறுபடி நெல்லிக்குப்பம். அஞ்சலைக்கு முடி நரைத்திருந்தது. ஆட்சேபணை இல்லை என்று அவரே வாயால் சொல்லி எழுதச் சொன்னார்.

"ஒரு கேள்வி இருக்குதும்மா. காயிதத்துல கேட்டா பதில் சரியா வராது. வெளிய வந்து, என் முன்னால ஒக்காந்து சொல்லட்டும். ஊருக்குள்ள வேணாம். கட்சிக்காரங்க வந்துடுவாங்க. உன் ஆபீசுக்கு வரேன்."

அந்த முறை விடுதலை கிடைத்தது. ஒவ்வொரு மாதமும் எங்கள் அலுவலகத்தில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், இறந்தவர் குடும்பத்தை அணுகக்கூடாது என்பன நிபந்தனைகள். யூசுப் அண்ணனைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். நிஜாமுதீன் ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். ஷம்ஷாத் அவரைப் பார்க்க வரவில்லை. இன்றுவரை பார்க்கவில்லை என்று கேள்வி. அஞ்சலையின் எழுத்துமூலமான கோரிக்கையை வைத்து, ஒரே ஒரு சந்திப்புக்கு நான் அனுமதி வாங்கினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குச் சந்தித்தார்கள். அஞ்சலை தனியாக வந்தார். மகள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். நிஜாமுதீன் எழுந்து நின்றார். உட்காரச் சொன்னார் அஞ்சலை. நான் மேசையின் ஓரத்தில் இருந்தேன்.

"பஸ்ஸுல அந்தக் கொழந்தைக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னுதான நின்னுக்கினே வந்த?"

"ஆமாம்மா."

"அந்தக் கொழந்த உனக்கு யாரு?"

"யாரும் இல்ல."

"உங்க ஆளா?"

"இல்லம்மா. அந்த அம்மா நெத்தியில பொட்டு வெச்சிருந்துச்சு."

"அப்ப, அதுமேல எரக்கப்பட்டவனுக்கு எங்க வீட்டுக்காரரு மேல ஏன் வரல?"

நிஜாமுதீன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மண்டபம், கடை, உஸ்தாத் என்று ஏதாவது சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"அங்க ஒரு ஆள் இருப்பாருன்னே நெனக்கலம்மா. அந்தக் கட்சி, அந்த ஆபீசு, அப்படித்தான் மனசுல இருந்துச்சு. கொழந்தைய நேர்ல பாத்தேன். இவர நான் பாக்கல."

அஞ்சலை துணிப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார். போஸ்டரில் போடுகிற படமல்ல. ஏதோ கல்யாணப் பந்தியில் எடுத்தது. கலியபெருமாள் வாய் நிறையச் சோற்றோடு, கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அதை மேசைமேல் வைத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

"பாரு."

நிஜாமுதீன் எடுத்துப் பார்த்தார். சற்று நேரம் கழித்து, திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டினார். அஞ்சலை வாங்கவில்லை.

"இன்னும் பாரு" என்றார்.